மூன்றாவது ஓலை

புது ஆயரின் சாமான்களை ஏற்றிய லாரி வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குச் சர்ச் தெருவுக்குள் நுழைந்தது. தெருவில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. தறிச் சத்தம் மட்டும் எல்லா வீட்டிலும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஓங்கிக் கேட்டது.

கதவைத் திறக்கக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்லி வைத்தவள் பொன்னம்மாள். சர்ச்சுக்கு எதிர்வீடு அவளுடையது. ஜன்னலின் ஒரு கதவைச் சாத்திவிட்டு மறுகதவின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆரணியில் அந்தச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. புது ஆயர் வரும் லாரியைச் சபையார் தெருமுனையிலேயே நிறுத்துவார்கள். வீட்டுக்கு ஒருவர் வந்து ஒரு சாமானையாவது தூக்கிக்கொண்டு போய் ஆயர் வீட்டுக்குள் வைக்க வேண்டும். பீரோவைத் தூக்க ஆறு ஆண்கள் முந்துவார்கள். தூக்க ஒன்றும் கிடைக்காத கிழவி துடைப்பத்தையாவது பிடுங்கிக்கொண்டு போவாள். எந்த வீட்டுக் கை சாமான்மேல் படவில்லையோ, அந்த வீட்டுக்கு ஆயரோடு சண்டை என்று அர்த்தம்.

அன்றைக்கு ஒரு கையும் படவில்லை. லாரி டிரைவரும் ஆயருமாகக் கட்டிலை இறக்கினார்கள். ஆயர் ஒல்லியான மனிதர். சோடாபுட்டிக் கண்ணாடி. கட்டில் கால் முழங்காலில் இடித்து நொண்டிக்கொண்டே தூக்கினார். வீட்டுச் சாவியைக்கூட யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை. சபைச் செயலாளர் ராஜவேலு அதைக் காலையிலேயே கேட் கம்பியில் சணலால் கட்டித் தொங்கவிட்டுப் போயிருந்தார். முடிச்சு அவிழாமல் ஆயரம்மா பல்லால் கடித்து இழுத்தாள்.

"அம்மா, ஒரு சொம்புத் தண்ணியாவது குடுத்துட்டு வந்துடறேன்மா," என்றாள் மகள் தீபா.

"காலை ஒடைச்சிடுவேன். கல்யாணத்தை வச்சிகினு வெயில்ல அலையாத. உக்காரு."

குழித்தறியில் இருந்த வேணுகோபால் நாடா ஓட்டுவதை நிறுத்தாமலே சிரித்தார். பொன்னம்மாளைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கியவர் அவர். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்குக் கேக் சாப்பிட மட்டும் சர்ச்சுக்குப் போகிறவர். "பீரோ வருது பாரு. நான் போயி ஒரு கை புடிக்கட்டா? நான்தான் உங்க கணக்குலயே இல்லாத ஆளாச்சே," என்றார்.

"நீ சும்மா இருய்யா."

அவளுடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. முந்தைய ஆயர் சக்கரவர்த்திக்கு ஐந்து வருஷம் முடிய இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. பொன்னம்மாளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது பதினொரு நாளும் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறி வந்து ஜெபம் பண்ணியவர் அவர். தீபாவின் தாலியை நான்தான் எடுத்துக் கொடுப்பேன் என்று சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவருக்கு மே மாதம் திடீரென்று மாற்றல் வந்தது. அவர் இடத்துக்கு வருகிறவர் பெயர் வீரபாகு என்றார்கள்.

"முருகனுக்குப் படை நடத்தினவன் பேரு. நமக்குப் பாஸ்டரா?" என்று மாதர் சங்கத்தில் சின்னம்மா என்பவள் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். பொன்னம்மாள் சிரிக்கவில்லை. அவளுக்கு அந்த மனிதரைத் தெரியும். மாசி மாதம் வேலூருக்கு மறுபரிசோதனைக்குப் போனபோது அங்கே பேராயர் அலுவலக வராந்தாவில் அவரைப் பார்த்திருந்தாள். மடியில் ஒரு ஃபைலை வைத்துக்கொண்டு, கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவர், "இந்தத் தடவை உங்களுக்கு ஆரணிதான் போல, வீரபாகு பாஸ்டரே," என்று சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன்," என்று அவள் சங்கத்தில் சொன்னாள். "நம்ம ஆயரு இங்க கூட்டம் நடத்திகினு இருக்காரு, இந்த ஆளு அங்க அவரு நாற்காலியை இழுத்துகினு இருக்கான்."

அவ்வளவுதான். நாற்பத்திரண்டு குடும்பமும் ஒரே வார்த்தையில் நின்றது. சாமான் இறக்கப் போவதில்லை, ஆராதனைக்கும் போவதில்லை. அந்த ஆள் தானாக மூட்டை கட்டும்வரை யாரும் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு மணி அடித்தது. சர்ச் தெருவில் ஒருவரும் அசையவில்லை. பொன்னம்மாள் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். அடுக்களையிலிருந்து தீபா ஓடி வந்தாள்.

"அம்மா! இன்னிக்கு என் மொத ஓலைம்மா."

கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு சர்ச்சில் வாசிப்பதற்கு அங்கே ஓலை வாசிப்பது என்று பெயர். மூன்று ஓலையும் முடிந்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளை ஜெயக்குமார் போளூர்க்காரன், பட்டாளத்தில் இருக்கிறான். கல்யாணம் ஜூலை ஒன்றாம் தேதி, புதன்கிழமை. ஆறாம் தேதி அவன் ரயில் ஏற வேண்டும். அதற்கப்புறம் அடுத்த வருஷம்தான் லீவு. அவனுடைய அம்மா காசியம்மாளுக்கு ஏற்கெனவே வந்தவாசிப் பெண் ஒருத்திமேல்தான் கண்.

பொன்னம்மாளின் கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு மறுபடியும் சுற்ற ஆரம்பித்தாள். "நம்ம ஆயரு ரிஜிஸ்டர்ல எழுதி வச்சிட்டுத்தானே போனாரு. வாசிக்கிறது அந்தாளு வேலை. நாம இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா? ஓலை ஓலைதான்."

திங்கட்கிழமை காலையில் அவள் மனசு பொறுக்கவில்லை. ஆயர் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு போய், படியில் ஏறாமல் கீழேயே நின்று கூப்பிட்டாள். வீரபாகு வெளியே வந்தார். முழங்காலில் துணி கட்டியிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"நேத்து தீபா ஓலையை வாசிச்சீங்களா?"

"இல்ல."

"ஏன் வாசிக்கல?"

"யாருக்கு வாசிக்கிறது? என் சம்சாரம் இருந்தாங்க. மணியடிக்கிற பெரியவர் இருந்தாரு, அவருக்குக் காது கேக்காது. இந்தக் கல்யாணத்துக்குத் தடை இருந்தா சொல்லுங்கன்னு நான் கேக்கணும். யாரைக் கேக்கச் சொல்றீங்க? பெஞ்சையா?"

"வந்த மூணு நாள்லயே பழி வாங்கறீங்களா?"

"பழி வாங்கற அளவுக்கு எனக்கு உங்களைத் தெரியாதும்மா. உங்க பேரே எனக்குத் தெரியாது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சபை கேக்க வாசிக்கணும். அதான் சட்டம். காலிப் பெஞ்சுக்கு வாசிச்சிட்டு வாசிச்சேன்னு கையெழுத்துப் போட மாட்டேன்."

"எத்தினி பேர் இருந்தா வாசிப்பீங்க?"

"பொண்ணைத் தெரிஞ்சவங்க இருக்கணும். எண்ணிக்கை நான் சொல்ல மாட்டேன். சபைன்னு பார்த்தா தெரியணும்."

அவள் விரலை மடக்கிப் பார்த்தாள். பதினாலு, இருபத்தொண்ணு, இருபத்தெட்டு. இனி ஒரு ஞாயிறு தவறினாலும் கல்யாணம் இல்லை. கேட்டை ஓங்கி அறைந்துவிட்டு நேராகப் பஜாருக்கு நடந்து, எஸ்.டி.டி. பூத்தில் சக்கரவர்த்தி ஆயரின் புது நம்பரைப் போடச் சொன்னாள். அவர் ஒரே ஒரு ஞாயிறு வந்து நின்றால் போதும், ஊரே வந்துவிடும்.

அவர் குரல் பழையபடிதான் இருந்தது. "பொன்னம்மா, நல்லா இருக்கியாம்மா?"

அவள் அழுதுவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். வீரபாகு எப்படி அவரைத் துரத்தினான், சபை எப்படி அவருக்காக ஒற்றுமையாக நிற்கிறது என்பதையும் சொன்னாள்.

"யாரும்மா துரத்துனது? நானே எழுதிக் குடுத்துத்தான் வாங்கினு வந்தேன். பையனுக்கு இங்க இஞ்சினியரிங் சீட்டு. ஹாஸ்டல்ல விட்டா கட்டுப்படியாவாது. வீரபாகுவுக்கு ஆரணியே வேணாம். அவரு சம்சாரத்துக்கு டயாலிசிஸ், ஆஸ்பத்திரிப் பக்கமா எதுனா குடுங்கன்னு கேட்டாரு, இதைக் குடுத்தாங்க."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே ஐயா."

"சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்... தாலி எடுத்துக் குடுக்க வர முடியாதும்மா. ஒண்ணாம் தேதி இங்க ஒரு கல்யாணம் இருக்கு. என் ஆசீர்வாதம்னு தீபாகிட்ட சொல்லு."

பொன்னம்மாள் போனை வைத்துவிட்டு வெளியே வந்தாள். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. கேட்டதை அவள் வேணுகோபாலிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு கண்ணால் பார்த்தேன் என்று ஊரெல்லாம் சொன்ன வாய் அது. இப்போது எந்த வாயால் இல்லை என்று சொல்வாள்?

சனிக்கிழமை வரைக்கும் தள்ளிப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். சின்னம்மா கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"நாளைக்கு சர்ச்சுக்கு வரணும், சின்னம்மா."

"ஏன், அந்தாளு மூட்டை கட்டிட்டானா?"

"இல்ல. தீபா ஓலை. ஆள் இல்லாம வாசிக்க மாட்டேன்னு நிக்கறான்."

"அட! போன வாரம் போவாதேன்னு சொன்ன வாய் இதுதானே, பொன்னக்கா? என் புருசன் சட்டையைத் தேச்சு மாட்டிகினு கெளம்பினவரு. கழட்டி வைக்கச் சொன்னியே."

"அவனுக்காக வர வேணாம். என் பொண்ணுக்காக வா. ஓலையைக் கேட்டுட்டு எழுந்து போயிடலாம். பிரசங்கத்துக்கு இருக்க வேணாம்."

"இது நல்லா இருக்கே," என்றாள் சின்னம்மா. அவள் கண் மின்னியது. "அந்தாளு வாயைத் தொறக்கறப்ப நாம எழுந்து போறது. வராம இருக்கறதைவிட இது ஜோரு."

அப்படித்தான் பொன்னம்மாள் மற்ற எல்லா வீட்டிலும் பேசினாள். சில வீட்டில் திட்டு வாங்கினாள், சில வீட்டில் வாசலிலேயே நிற்க வைத்தார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் பாதி வேலை மிச்சம். அது அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு வாசலிலும் வீரபாகுவை இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே திட்டினாள்.

பதினாலாம் தேதி முப்பது பேர் வந்தார்கள். கை கட்டிக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டை ஆயரம்மா ஒருத்தி மட்டும் கம்மிய குரலில் பாடினாள். அவள் கை வீங்கிக் கறுத்திருந்ததைப் பொன்னம்மாள் அன்றைக்குத்தான் கவனித்தாள். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். வீரபாகு ரிஜிஸ்டரைத் திறந்து ஓலையை வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார். ஒருவரும் பேசவில்லை. ரிஜிஸ்டரை அவர் மூடியதுதான் தாமதம், முப்பது பேரும் ஒன்றாக எழுந்து, பெஞ்சுகள் கிறீச்சிட வெளியே போனார்கள். சின்னம்மா வாசலில் நின்று சத்தமாகத் தும்மினாள். சிரிப்பு கேட்டது.

அடுத்த ஞாயிறு ஐம்பது பேர். வேடிக்கை பார்க்க நெசவாளர் காலனியிலிருந்துகூட வந்திருந்தார்கள். அன்றைக்கும் எல்லோரும் எழுந்து போனபோது, வீரபாகு பிரசங்கத் தாளை எடுத்து, காலிப் பெஞ்சுகளைப் பார்த்து முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். நிறுத்தவும் இல்லை, குரலைக் குறைக்கவும் இல்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதும் அந்தக் குரல் தெருவைத் தாண்டி பொன்னம்மாளுக்குக் கேட்டது.

"நீ துரத்துற ஆளு போறமாதிரி தெரியலையே," என்றார் வேணுகோபால். "நான் தறியில உக்காந்தேகூட முழுசாக் கேட்டுட்டேன். இருபத்திரெண்டு வருசத்துல மொத பிரசங்கம்."

ராஜவேலுவுக்குத்தான் இது பிடிக்கவில்லை. அவர் பத்துத் தறிக்கு முதலாளி. வேணுகோபாலின் தறிக்கும் பாவு நூல் அவர் கடையிலிருந்துதான் வரும். வியாழக்கிழமை பொன்னம்மாளைக் கடைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"பூட்டுப் போட்டா சாவியைத் தூக்கி எறிஞ்சிடணும். நீ ஜன்னலைத் தொறந்து விட்டுட்டே. இப்ப அந்தாளு பேராயருக்கு எழுதுவான், அம்பது பேர் வர்றாங்கன்னு."

"மூணாவது ஓலை மட்டும்தானேண்ணா. அதோட முடிஞ்சிது."

"அதுக்கு நானே வரேன்," என்றார் ராஜவேலு. "எல்லாரும் இருக்கறப்ப அவன் மூஞ்சிக்கு நேரா நாலு கேள்வி கேக்கணும்."

இருபத்தெட்டாம் தேதி சர்ச் நிறைந்திருந்தது. போளூரிலிருந்து காசியம்மாளும் வந்திருந்தாள். "எங்க சர்ச்சுல மூணும் வாசிச்சு சர்ட்டிபிகேட்டே குடுத்துட்டாங்க. உங்க ஊர்ல இன்னா, இழுத்துகினே கெடக்குது?" என்று கேட்டபடி பொன்னம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் பெஞ்சில் ராஜவேலு பட்டு வேட்டியில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

வீரபாகு வாசித்தார். "வேணுகோபால், பொன்னம்மாள் இவர்களின் குமாரத்தி தீபாவுக்கும்..." வாசித்து முடித்து, கண்ணாடிக்கு மேலாகச் சபையைப் பார்த்தார். "இது மூன்றாவது அறிவிப்பு. இவர்கள் மணம் செய்ய யாருக்காவது தடை தெரிந்தால் இப்போதே சொல்லலாம்."

ஆராதனையில் சபையார் ஒருவர் எழுந்து பேச இடமுள்ள ஒரே நேரம் அதுதான். ராஜவேலு அதற்காகத்தான் காத்திருந்தார். எழுந்தார்.

"எனக்குத் தடை இருக்கு."

காசியம்மாள் பொன்னம்மாளின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இந்தச் சபை கேக்கறதுக்கு நீ பதில் சொல்லு. எங்க ஆயரை எதுக்குத் துரத்தினே? எந்தப் பெரிய மனுசன் காலைப் புடிச்சு இந்த ஊரை வாங்கினே? உன் கையால இந்த ஊர்ல ஒரு கல்யாணம் நடக்கக் கூடாது. அதுதான் என் தடை!"

பின்னால் யாரோ கை தட்டினார்கள். வீரபாகு அசையவில்லை. ரிஜிஸ்டரைப் பார்த்தார். பேனாவைத் திறந்து எதையோ எழுதினார். பிறகு ரிஜிஸ்டரை மூடினார்.

"தடை சொல்லியாச்சு. எழுதிட்டேன். இனி விசாரணை நடக்கணும். முடியற வரைக்கும் இந்தக் கல்யாணம் நிறுத்தி வைக்கப்படுது."

ராஜவேலு திரும்பிப் பார்த்தார், மறுபடி ஆயரைப் பார்த்தார். "யோவ், நான் கல்யாணத்துக்கா சொன்னேன்? உனக்குத்தானே சொன்னேன்!"

"நான் கேட்டது கல்யாணத்தைப் பத்தி. அதுக்குத்தான் நீங்க எழுந்தீங்க. கல்யாணம் நடக்கக் கூடாதுன்னு உங்க வாயால சொன்னீங்க, எம்பது பேரு கேட்டாங்க."

"எத்தினி நாளாவும் விசாரணை?" என்று காசியம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள். "எம்புள்ளை ஆறாம் தேதி ரயில் ஏறணும். இன்னா பேஜாரு இது? உங்க வீட்டுச் சண்டைக்கு என் பையன்தான் கெடைச்சானா? பொண்ணே வேணாம், எழுந்திருங்க, போலாம்." அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

பொன்னம்மாள் எழுந்தாள். முன்னால் நடந்து போனது அவளுக்கு நினைவில்லை. ராஜவேலுவின் முகத்துக்கு எதிரே நின்றபோதுதான் தான் நடந்து வந்திருப்பது தெரிந்தது.

"அண்ணா, தடையை வாபஸ் வாங்கு."

"இவன்கிட்டயா? நான் வாங்க மாட்டேன். உன் வீட்டுக்குப் பாவு எங்கேயிருந்து வருதுன்னு ஞாபகம் வச்சிகினு பேசு."

"பாவை எடுத்துக்க. தறி சும்மா கெடக்கட்டும்." அவள் சபையின் பக்கம் திரும்பினாள். "இவரு யாரையும் துரத்தலை. சக்கரவர்த்தி ஆயரே எழுதிக் குடுத்து வாங்கினு போனாரு. பையன் படிப்புக்கு. இவருக்கு ஆரணியே வேணாமாம். சம்சாரத்துக்கு ஒடம்பு சரியில்லன்னு பேராயர் ஆபீசுல நின்னாரு. நான்தான் தப்பாப் பார்த்துட்டு வந்து உங்ககிட்ட சொன்னேன்."

"எப்பத் தெரியும் உனக்கு?" சின்னம்மாவின் குரல்.

பொய் சொல்லியிருக்கலாம். நேற்றுதான் என்று சொல்லியிருக்கலாம்.

"மூணு வாரமா."

அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "அடிப்பாவி", "எங்களைக் குரங்காட்டம் ஆட்டி வச்சியேடி", "அந்தம்மாவுக்கு ஒரு சொம்புத் தண்ணிகூடக் குடுக்கலையேடி உன் பேச்சைக் கேட்டு". அவள் அப்படியே நின்றாள். ராஜவேலுவை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ராஜவேலு சுவரைப் பார்த்து, "சரி, வாபஸ்," என்றார்.

"யார்கிட்ட சொல்றீங்க?" என்றார் வீரபாகு.

அவர் இறங்கி வருகிற மாதிரி தெரியவில்லை. ராஜவேலு வேட்டியைச் சரிசெய்தார். தொண்டையைக் கனைத்தார். "உங்ககிட்டதான். கல்யாணத்துக்கு எனக்குத் தடை இல்ல." கொஞ்சம் நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "ஐயா."

"எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டார். வீரபாகு மறுபடி ரிஜிஸ்டரைத் திறந்து, ஓலையை முதல் எழுத்திலிருந்து வாசித்தார். தடை உண்டா என்று கேட்டுவிட்டு, வேண்டுமென்றே நீண்ட நேரம் காத்திருந்தார். ஒரு பெஞ்சுகூடக் கிறீச்சிடவில்லை. காசியம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பொன்னம்மாளைச் சுற்றி ஓர் ஆள் தூரத்துக்கு இடம் காலியாக இருந்தது. ஆயரம்மாவைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் நின்று, கையைப் பிடித்துப் பார்த்து, எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னம்மா மட்டும் பொன்னம்மாளைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

"தீபா கல்யாணத்துக்கு வருவோம். அது எங்க பொண்ணு. உன் வீட்டு வாசப்படியை மட்டும் மிதிக்க மாட்டோம்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வீரபாகு அங்கியைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு கேட்டருகே வந்தார்.

"புதன்கிழமை எத்தனை மணிக்கு?"

"பத்தரைக்கு."

"பத்தரைன்னா பத்தரை. முகூர்த்தம் பார்த்துகினு நின்னா நான் காத்திருக்க மாட்டேன்."

"நாங்க ஒண்ணும் லேட்டா வர்றவங்க இல்ல."

அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். பிறகு திரும்பினார். "இன்னிக்கு நடந்ததுக்கப்புறம் எத்தனை பேர் வருவாங்க? பாட்டுத்தாள் அச்சடிக்கணும்."

"நூறு அடிங்க," என்றாள் பொன்னம்மாள். "எல்லாரும் வருவாங்க. என்மேல இருக்கிற கோவத்துல உங்களை மறந்துட்டாங்க."